ஊர்ப்பெயரில் ஒரு பட்டியல்: சக்குபள்ளம் குறிப்புகள்

விடியும்போதே தமிழ்நாட்டின் கம்பத்திலிருந்து ஜீப்புகள் ஏறத் தொடங்கிவிடும். கம்பம்மெட்டு வழியாகச் சில, குமுளி வழியாகச் சில. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வரும் வண்டிகள். எந்தத் தோட்டத்தில் காய் எடுப்பு, எங்கே கவாத்து, இன்றைக்கு என்ன கூலி, எந்த முதலாளி சனிக்கிழமை தவறாமல் கணக்குத் தீர்ப்பார் என்பதெல்லாம் மலை ஏறி முடிப்பதற்குள் ஜீப்பில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். தோட்ட வேலைக்கு இங்கே தகவல் பஞ்சம் இருந்ததே இல்லை. அந்த ஜீப்பில் வருகிறவரின் மகள் பி.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறாள். அவளுக்கு எங்கே வேலை இருக்கிறது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

*

சக்குபள்ளம் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், உடும்பன்சோலை தாலுகாவில் உள்ள ஊராட்சி. குமுளியிலிருந்து மூணாறு போகும் சாலையில் அணைக்கரைதான் கடைவீதி. பக்கத்திலேயே வண்டன்மேடு, புற்றடி. ஏலக்காயின் மின்னணு ஏலம் புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடக்கிறது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. உலகச் சந்தையோடு இந்த அளவுக்குத் தொடர்புள்ள ஓர் ஊரில், பட்டம் வாங்கிய பிள்ளைகள் மட்டும் வெளியுலகத்தில் ஒருவரையும் தெரியாமல் இருப்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

*

1973இல் அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பாஸ்டன் நகருக்கு அருகே நியூட்டன் என்ற ஊரில், அண்மையில் வேலை மாறியவர்களிடம் ‘இந்த வேலை பற்றி யார் சொன்னார்கள்?’ என்று கேட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அப்படிச் சொன்னவரை அடிக்கடி சந்திப்பதாகக் கூறியவர்கள் நூற்றுக்கு 17 பேர்கூட இல்லை. மற்ற எல்லோருக்கும் வழி காட்டியவர் எப்போதாவது பார்க்கும் ஒருவர்: பழைய சக ஊழியர், ஒரு காலத்துக் கல்லூரித் தோழர்.

காரணம் எளியது. நமக்கு நெருங்கியவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் நமக்கும் தெரியும். புதிய செய்தி தள்ளி நிற்பவரிடமிருந்துதான் வரும்.

இந்தக் கருத்தை 2022இல் லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேரின் தரவுகளைக் கொண்டு சோதித்து, சயன்ஸ் இதழில் முடிவை வெளியிட்டார்கள். மிக நெருங்கிய தொடர்பும் அல்ல, முற்றிலும் அந்நியமான தொடர்பும் அல்ல, இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் வேலைக்கு அதிகம் உதவுகிறது என்று தெரிந்தது. ஒரே கல்லூரியில் வேறு வேறு ஆண்டுகளில் படித்த இருவரின் உறவு ஏறக்குறைய இந்த நடு இடத்தில்தான் இருக்கிறது. அதே பேருந்தில் போனவர்கள், அதே ஆசிரியரிடம் படித்தவர்கள். ஆனால் இப்போது இருக்கும் உலகம் வேறு.

*

அணைக்கரையில் ஒரு வீடு. ஞாயிற்றுக்கிழமை மாலை. கடைசி ஆண்டு வேதியியல் படிக்கும் மாணவி, மேசையில் சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, கொச்சியில் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் சீனியரிடம் பேசிக்கொண்டிருந்தாள். உடன் இருக்கச் சொன்னதால் நானும் இருந்தேன். முதல் ஐந்து நிமிடம் இரண்டு பக்கமும் கூச்சம். பிறகு ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரைப் பற்றிச் சீனியர் கேட்டார்:

“உங்க வீட்ல ஸ்டோர் இருக்கா?”

“அப்பா வேலை பாக்கிற தோட்டத்துல இருக்குக்கா.”

“பச்சைக் காய் எவ்வளவு நேரம் காய வைப்பாங்க?”

“பதினெட்டு மணி நேரம், இருபது மணி நேரம். சூடு கூடினா நிறம் போயிடும். அஞ்சு கிலோ பச்சைக்கு ஒரு கிலோ உலர்ந்த காய் நிக்கும்.”

“ஈரம் எவ்வளவு இருக்கணும்?”

“அது தெரியாதுக்கா. அப்பா கையில குலுக்கிப் பாத்தே சொல்லிடுவார்.”

“அந்த ஈரத்தை அளந்து சொல்றதுதான் எங்க லேப் வேலையில ஒண்ணு. மருந்து எச்சம் பாக்கிறது இன்னொண்ணு. உனக்குப் பாதி விஷயம் வீட்லயே தெரிஞ்சிருக்கு. இதை உன் பயோடேட்டாவுல எழுதியிருக்கியா?”

எழுதவில்லை. எழுத வேண்டும் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அவள் கல்லூரியில் படித்த வேதியியலும் அவள் வீட்டில் நடக்கும் தொழிலும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டது அன்றைக்குத்தான். சவூதிக்குப் போன ஏலக்காய் மருந்து எச்சத்துக்காகத் திரும்பி வந்த செய்தியைக் கேட்டு வளர்ந்த பெண் அவள். அந்த எச்சத்தைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, அதற்குச் சம்பளம் உண்டு என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

அந்த அழைப்பில் அவள் குறித்துக்கொண்டவை: ஸ்பைசஸ் போர்டின் தரப் பரிசோதனைக் கூடம் கொச்சியிலும் சென்னையிலும் தூத்துக்குடியிலும் இருக்கிறது, அங்கே பயிற்சி ஆய்வாளர்களை எடுப்பது உண்டு, அறிவிப்பு போர்டின் இணையதளத்தில் வரும். மயிலாடும்பாறையில் இருக்கும் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்திலும் பயிற்சி இடங்கள் வருவதுண்டு. மயிலாடும்பாறை இங்கிருந்து ஒரு பஸ் தூரம்.

*

சீனியருக்கு எழுதும் முதல் செய்திதான் பிள்ளைகளுக்குப் பெரிய மலை. ‘ஹாய் சார்’ என்று அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். அல்லது ‘ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்’ என்று முடித்துவிடுகிறார்கள். முதல் வகைக்கு யாரும் பதில் எழுதமாட்டார்கள். இரண்டாவதற்கு எழுத முடியாது, ஏனென்றால் வேலை அவர் சட்டைப்பையில் இல்லை.

இப்படி எழுதலாம்: ‘வணக்கம் அக்கா. நான் கட்டப்பனையில் மூன்றாம் ஆண்டு வணிகவியல் படிக்கிறேன். சொந்த ஊர் சக்குபள்ளம். நீங்களும் இதே துறையில் படித்து இப்போது ஏற்றுமதி நிறுவனத்தில் இருப்பதைப் பார்த்தேன். அந்த வேலைக்கு நான் இப்போதே எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்க ஆசை. உங்களுக்கு வசதியான ஒரு நாளில் இருபது நிமிடம் பேச முடியுமா?’

யார், எந்த ஊர், என்ன வேண்டும், எவ்வளவு நேரம். நான்கும் இருக்கிறது. இந்தச் செய்தி வேலை கேட்கவில்லை, வழி கேட்கிறது. வழி சொல்ல யாருக்கும் தயக்கம் இருக்காது.

*

அப்படிப்பட்ட சீனியரைத் தேட ஒரு வழி லிங்க்ட்இன். அது 2003இல் தொடங்கியது. அதில் ஒவ்வொரு கல்லூரிப் பக்கத்திலும் முன்னாள் மாணவர்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. அங்கே போனால் அந்தக் கல்லூரியில் படித்தவர்கள் எந்த ஊரில், எந்த நிறுவனத்தில், என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். காசு கட்ட வேண்டாம். இங்கே நான் கேட்ட மாணவர்களில் பெரும்பாலோர் கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தப் பகுதியைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு.

*

சீனியரிடம் கேட்க வேண்டிய கேள்விகள், மாணவர்களுக்காக:

காலையில் வேலைக்குப் போனதும் முதலில் என்ன செய்வீர்கள்? முதல் சம்பளத்தில் தங்குமிடமும் சாப்பாடும் போக எவ்வளவு மிஞ்சியது? படித்ததில் எது உதவியது, எது உதவவில்லை? என்னைப்போல் வந்தவர்கள் முதல் ஆண்டில் எங்கே தடுமாறுகிறார்கள்? நான் அடுத்து யாரிடம் பேச வேண்டும்?

கடைசிக் கேள்விதான் முக்கியம். ஓர் அழைப்பு இன்னோர் அழைப்பில் போய் முடிய வேண்டும்.

*

எல்லையூருக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ஒரே வீட்டில் மூத்தவன் உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியில் படித்திருப்பான். அது மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. இளையவள் கட்டப்பனை அரசுக் கல்லூரி; அது கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அண்ணனுக்குத் தமிழ்நாட்டின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டம், 2022 மார்ச்சில் தொடங்கியது. தங்கைக்குக் கேரளத்தின் நாலாண்டுப் பட்டப்படிப்பு, 2024 ஜூலையில் தொடங்கியது; அதில் இன்டர்ன்ஷிப் பாடத்திட்டத்திலேயே வருகிறது. அண்ணனுடைய சீனியர்கள் திருப்பூர், கோவை, சென்னையில். தங்கையின் சீனியர்கள் கொச்சி, பெங்களூரு, வளைகுடாவில். ஒரே அடுப்பில் சாப்பிடும் இருவருக்கும் அடுத்தவர் கல்லூரியின் முன்னாள் மாணவர் குழுவில் இடம் கிடையாது.

ஆகவே இங்கே கல்லூரிப் பட்டியல் மட்டும் போதாது, ஊர்ப் பட்டியல் வேண்டும். எங்கே படித்திருந்தாலும் சரி, தமிழ் பேசினாலும் மலையாளம் பேசினாலும் சரி, சக்குபள்ளத்திலிருந்து போனவர் என்றால் பெயர் அதில் இருக்க வேண்டும். பெயர், படிப்பு, தொழில், ஊர், மாதத்தில் எந்த நாள் பேச முடியும். எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே சேர்க்க வேண்டும். தொலைபேசி எண்ணை எல்லோருக்கும் காட்டக் கூடாது. பட்டியலை வைத்திருப்பவர் வழியாகத்தான் அழைப்பு போக வேண்டும். பெண்களுக்கு இது மிகவும் அவசியம்.

*

இந்தப் பட்டியலை யார் வைத்திருப்பது? கேரளத்தில் ஊர்தோறும் வாசகசாலை உண்டு. பி.என். பணிக்கர் 1945இல் தொடங்கி வைத்த நூலக இயக்கத்தின் பலன் அது. செய்தித்தாள் படிக்க வயதானவர்கள் வருகிற அந்தக் கட்டடத்தில் ஒரு கணினியும் பெரிய திரையும் வைத்தால், ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து ஒரு சீனியரிடம் பேசலாம். வீட்டில் சிக்னல் கிடைக்காதவர்களுக்கும் இது வழி. 2023 ஜூன் 5 அன்று தொடங்கிய கேரள அரசின் இணையத் திட்டமான கே-ஃபோன் அரசு அலுவலகங்களுக்கும் 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கும் இணைப்புத் தருவதை இலக்காகச் சொல்கிறது. எஸ்டேட் தொழிலாளர் லயங்களுக்கும் மலை வாசகசாலைகளுக்கும் அது முதலில் வர வேண்டும் என்று ஊராட்சிக் கூட்டத்தில் கேட்க வேண்டியது நம் பொறுப்பு.

2020இல் கொரோனாவால் பள்ளி மூடியபோது இந்த மலைகளில் பிள்ளைகள் சிக்னல் தேடி மேடு மேடாக ஏறினார்கள். ஜூன், ஜூலை மழையில் கரண்ட் போனால் டவரும் போகும். காணொளி அழைப்பு என்று எளிதாகச் சொல்கிறோம். இங்கே அதற்குக் கூரையும் மின்சாரமும் வேண்டும்.

*

கங்காணி முறையை மலைத்தோட்டக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சொந்த ஊரிலும் சொந்தத்திலும் ஆள் சேர்த்து, முன்பணம் கொடுத்து, தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கினார் கங்காணி. தெரிந்தவர் என்ற நம்பிக்கையே கடனாகி ஆட்களைக் கட்டிப்போட்டது. தெரிந்தவர் மூலம் வேலை தேடும் எந்த ஏற்பாட்டிலும் இந்த ஆபத்து உண்டு. எனவே ஊர்ப் பட்டியலுக்கு முதல் விதி: யாரும் யாரிடமும் பணம் வாங்கக் கூடாது.

இன்று அதே ஏமாற்று வேறு வடிவில் வருகிறது. 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி வேலையில் அடைக்கப்பட்டார்கள். பிறகு மீட்கப்பட்டார்கள். இன்றைக்கும் அந்த வலை விரிந்தே இருக்கிறது. வெளிநாட்டு வேலைக் கடிதம் கைக்கு வந்தால் மூன்று காரியம் செய்யுங்கள். அந்த நாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவரிடம் காட்டுங்கள். ஏஜென்ட்டின் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான அரசுத் துறையான நோர்க்காவின் அலுவலகத்தில் கேளுங்கள். பட்டியல் ஒரு பிள்ளையை இப்படிக் காப்பாற்றினாலே போதும், அது வீண் போகவில்லை.

*

இதெல்லாம் நடக்கக்கூடியதுதானா என்று கேட்பவர்களுக்கு இரண்டு உதாரணம். நடிகர் சூர்யா 2006இல் தொடங்கிய அகரம் அறக்கட்டளை, விதைத் திட்டத்தில் படிப்புக்குத் துணை நிற்பதோடு மாணவருக்கு வழிகாட்டியையும் தருகிறது. அதில் படித்து வேலைக்குப் போனவர்கள் தம்பி தங்கைகளுக்கு வழிகாட்டத் திரும்பி வருகிறார்கள். யாழ்ப்பாணத்தில், போர் முடிந்த சில ஆண்டுகளில் யாழ் ஐ.டி. ஹப் என்ற தன்னார்வ அமைப்பு உருவானது. கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கும் தமிழ்க் கணினித் துறையினர் அங்குள்ள மாணவர்களுக்குப் போட்டிகள் நடத்தி, வழிகாட்டிகளாக நிற்கிறார்கள். இரண்டு இடத்திலும் ஆட்கள் நேரத்தைக் கொடுத்தார்கள், தொடர்ந்து கொடுத்தார்கள். அதுதான் பலன் தந்தது.

*

கல்லூரிகளுக்கு ஒன்று. கல்லூரிகளுக்குத் தரச் சான்று தரும் நாக் மதிப்பீட்டில் முன்னாள் மாணவர் ஈடுபாட்டுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. அதற்காகச் சங்கம் பதிவாகிறது, ஆண்டுக்கொரு கூட்டம் நடக்கிறது, பொன்னாடை போர்த்திப் படம் எடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் கூட்டத்துக்கு வந்த ஒவ்வொருவரையும் இரண்டு மாணவரோடு சேர்த்துவிட்டு, மூன்று மாதம் கழித்துப் பேசினார்களா என்று கேட்டால்தான் அது மாணவனைப் போய்ச் சேரும்.

*

முன்னாள் மாணவர்களுக்கு: அறிவுரை வேண்டாம், செய்தி சொல்லுங்கள். முதல் பேச்சு தமிழிலோ மலையாளத்திலோ இருக்கட்டும். ஆங்கிலத்தை இரண்டாவது, மூன்றாவது அழைப்பில் பழக்கலாம். உங்கள் சம்பளம், நீங்கள் தோற்ற நேர்முகத் தேர்வு, ஒழுகிய விடுதி அறை எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். வேலை வாங்கித் தருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். சொன்ன நேரத்துக்கு அழையுங்கள். சிக்னலுக்காக ஒரு பிள்ளை மேட்டில் ஏறி நின்று காத்திருக்கக்கூடும்.

சக்குபள்ளத்திலிருந்தும் அணைக்கரையிலிருந்தும் வண்டன்மேட்டிலிருந்தும் படித்துப் போன நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும், மாதம் ஒரு ஞாயிறு, அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது வாசகசாலைக்குப் போய் உங்கள் பெயரை எழுதிக் கொடுங்கள். அங்கே பட்டியல் இன்னும் இல்லையென்றால், முதல் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும்.