வண்டிக் கதவின் ரப்பர்

நம் சங்க மலரைப் புரட்டினால் கம்பன் ஒரு பக்கம், பாரதி ஒரு பக்கம், நடுவே காதல் கவிதைகள் ஏழெட்டு என்று இருக்கும். இவற்றுக்கிடையே ஒரு பழைய பிக்கப் வண்டியின் கதவு ரப்பரைப் பற்றி எழுதப் புகும் என்னை அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். ரசாயனம் படிப்பவனிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்?

வண்டி என் தந்தையாருடையது. புனேயில் குல்டேக்டி மார்க்கெட் யார்டிலே விடியுமுன் காய்கறியும் வாழையிலையும் ஏற்றிக்கொண்டு, கட்கி வட்டாரத்துக் கடைகளுக்குக் கொண்டு சேர்ப்பது அவர் தொழில். 2014ல் அதைப் பழைய வண்டியாக வாங்கினார். எஞ்சினுக்கு இன்றும் ஒரு குறையில்லை. ஆனால் சென்ற இரண்டு மழைக்காலங்களிலும் கதவிடுக்குகளிலும் முன் கண்ணாடியின் ஓரத்திலும் தண்ணீர் கசிந்து கொண்டே இருந்தது. அப்பா துண்டைச் சுருட்டி இடுக்கில் செருகிக்கொண்டு ஓட்டினார். நனைந்த காலோடு பல நாள் ஓட்டி, சென்ற ஆகஸ்டில் நெஞ்சுச் சளி முற்றிப் பத்து நாள் படுத்துவிட்டார்.

"விற்றுத் தொலையுங்கள்" என்றாள் அம்மா. பார்க்க வந்த தரகர் காலடி விரிப்பைத் தூக்கினார். அடியில் தகடு துருவேறிக் கிடந்தது. அவர் சொன்ன விலையைக் கேட்டு அப்பா வாயே திறக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் இன்னொருவர் வண்டிக்கு ஓட்டுநராகப் போக அவருக்கு மனம் ஒப்பாது. தங்கையோ பி.எஸ்ஸி. முதலாண்டில் இருக்கிறாள். ஆகவே, ஜூன் மாத மழைக்கு முன்னே ரப்பர் முழுவதையும் மாற்றிவிடுவது என்று மே விடுமுறையில் நானும் அவரும் முனைந்தோம்.

பழைய ரப்பரைக் கழற்றியபோது ஒன்று கண்ணில் பட்டது. நேரான பகுதிகளில் அது நசுங்கித் தட்டையாகிக் கிடந்ததே தவிர வெடிக்கவில்லை. கதவின் மூலைகளில், வளைந்து இழுபட்டிருந்த இடங்களில் மட்டும் குறுக்குக் குறுக்காக வெடிப்புகள் இருந்தன. இது ஓசோனின் கைவேலை. காற்றில் பத்துக் கோடிப் பங்குக்குச் சில பங்கே இருந்தாலும் போதும். மரத்து ரப்பரின் சங்கிலியில் ஐந்து கார்பனுக்கு ஒன்று வீதம் இருக்கும் இரட்டைப் பிணைப்பை அது தேடிப் பிடித்து அறுத்துவிடும். இழுபட்ட இடத்தில் வெடிப்பு வாய் திறக்கும். அப்பா ஆண்டுதோறும் ரப்பர் மெதுவாக இருக்கட்டும் என்று கிரீஸ் வேறு தடவி வந்தார். கனிம எண்ணெய் பட்டால் ரப்பர் உப்பி வலுவிழக்கும்.

நானா பேட்டையில் கடைக்காரர் இரண்டு சுருளை எடுத்துப் போட்டார். ஒன்றின் விலை மற்றதில் பாதி. அப்பா அந்த மலிவுச் சுருளை இழுத்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். "மரத்துப் பாலாக்கும் மக்களே. இழுவையப் பாரு" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு களை வந்தது. கன்னியாகுமரி மாவட்டத்திலே குலசேகரம் பக்கத்துத் தோட்டங்களில் பதினைந்து வயதில் பால் வெட்டியவர் அவர். இருட்டோடு எழுந்து போய்ப் பட்டையைச் சாய்வாகச் சீவி, சிரட்டையில் பால் சொட்டுவதைப் பார்த்து நின்ற கை அது.

மற்றச் சுருள் ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பர். எத்திலீன், புரொப்பிலீன் இரண்டையும் சேர்த்து அதன் சங்கிலியைக் கோக்கிறார்கள். நட்டா, சீக்ளர் என்ற இருவர் கண்ட வினையூக்கிகளால் கைகூடிய செயல் அது. அக்கண்டுபிடிப்புக்கு 1963ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதில் முதுகெலும்பான சங்கிலியிலே இரட்டைப் பிணைப்பே கிடையாது. கந்தகம் பற்றிக்கொள்வதற்காகச் சிறிதளவு டையீன் சேர்ப்பார்கள். அதன் பிணைப்பும் பக்கத்தில்தான் தொங்கும். ஓசோன் அதை அறுத்தாலும் சங்கிலி அறாது.

இதையெல்லாம் கடை வாசலில் நின்று விளக்கினேன். அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ நம்ம மரத்துப் பாலுக்கு மதிப்பில்லைன்னு சொல்லுதியா?"

"அப்படியில்லை அப்பா. லாரி டயரில் இன்றும் பெரும்பாலும் அதுதான். அந்த உழைப்பை இது தாங்காது."

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இது எத்தனை வருசம் நிக்கும்?" என்றார்.

"ஏழெட்டு வருசம் நிற்கும்."

"அத்தனை வருசமும் நான் ஓட்டணுமா லேய்?"

சிரித்துக்கொண்டே கேட்டார். என்னால் சிரிக்க முடியவில்லை. அவரே பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

வேலை இரண்டு நாள் பிடித்தது. துருவைச் சுரண்டிப் பிரைமர் அடித்து உலர்த்தவே முதல் நாள் போயிற்று. கதவு ரப்பரின் இணைப்பு கீழ்ப் பக்கம் வரும்படி பார்த்துக்கொண்டோம். மூலைகளில் இழுக்காமல், சற்றுத் தளர்த்தியே மரச்சுத்தியலால் தட்டிப் பொருத்தினோம். முன் கண்ணாடிதான் ருசியான வேலை. கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டி, அதன் வெளிப்பள்ளத்திலே சணல் கயிற்றைச் சுற்றிலும் பதித்து, சோப்பு நீர் தடவிச் சட்டத்தில் சார்த்த வேண்டும். வெளியே ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே ஒருவர் கயிற்றை மெல்ல இழுத்துக்கொண்டே வந்தால் ரப்பரின் உதடு தகட்டு விளிம்பின் மேல் தானாக ஏறி உட்காரும். அப்பா அழுத்தினார், நான் இழுத்தேன். "மெதுவா, மெதுவா" என்று அவர் சொன்னது பட்டை சீவும் பையனிடம் சொல்வது போலவே இருந்தது.

கதவின் அடி விளிம்பில் மூன்று சிறு துளைகள் மண்ணால் அடைபட்டிருந்ததைக் கண்டவர் அப்பாதான். எந்தப் புத்தகத்தையும் பார்த்தல்ல, விரலால் தடவியே கண்டார். மழைநீரைக் கதவு முழுவதும் தடுப்பதில்லை. கண்ணாடியோடு இறங்கும் நீர் கதவின் வயிற்றுக்குள் போய் இந்தத் துளைகள் வழியேதான் வெளியேற வேண்டும். துளை அடைந்தால் எந்த உயர்ந்த ரப்பரும் பயன்படாது. சைக்கிள் கம்பியால் மூன்றையும் குத்திவிட்டார்.

பிறகு கதவிடுக்கில் காகிதத் துண்டு வைத்து மூடி, இழுத்துப் பார்த்தோம். எங்கும் பிடித்து நின்றது. கீல் பக்கத்தில் ஓரிடம் மட்டும் வழுக்கிற்று. அங்கே கீலைச் சற்றே சரிசெய்தோம். புது ரப்பர் விறைப்பாக இருந்ததால் ஒரு வாரம் கதவை ஓங்கி அறைந்து சாத்த வேண்டியிருந்தது. விடியற்காலையில் அந்தச் சத்தத்துக்கு அண்டை வீட்டார் எங்களைச் சபித்திருப்பார்கள்.

ஜூனில் நல்ல மழை பெய்தது. ஆறு நாள் கழித்து அம்மா தானே காலடி விரிப்பைத் தூக்கித் தொட்டுப் பார்த்தாள். விற்கும் பேச்சை அவள் பிறகு எடுக்கவில்லை. முதுகுப்புறக் கண்ணாடியின் ரப்பர் மட்டும் இன்னும் பழையதுதான். அதைத் தீபாவளி விடுமுறைக்கு வைத்திருக்கிறோம். இம்முறை கயிற்றைத் தான்தான் இழுப்பேன் என்று தங்கை சொல்லியிருக்கிறாள்.