அணையே இல்லாத பாசனம்... செங்டு நகரில் ஒரு நாள்!

சீனாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் பெரும்பாலும் பெய்ஜிங்கில் பெருஞ்சுவரையும், ஷாங்காயில் உயரமான கட்டடங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்கள் பார்க்க வேண்டிய நகரம் வேறு ஒன்று இருக்கிறது. தென்மேற்குச் சீனாவில், சிச்சுவான் மாகாணத்தின் தலைநகரமான செங்டு.

2020-ம் ஆண்டு கணக்கெடுப்பின்படி 2 கோடிக்கும் அதிகமானோர் வாழும் மாநகரம் இது. மெட்ரோ ரயில், மேம்பாலம், கணினி நிறுவனங்கள் என்று எல்லாம் உண்டு. ஆனால், நகரத்துக்குள் ஓடும் ஆறுகளுக்குத் தண்ணீர் வருவது 2,200 ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கிய ஒரு பாசனத் திட்டத்திலிருந்து. அந்தத் திட்டத்தின் தலைப்பகுதியான டூஜியாங்யான், நகரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தூரம்தான். காலையில் கிளம்பினால் மாலைக்குள் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம்.

ஒரு கார்... ஒரு வழிகாட்டி!

செங்டுவில் தனிச் சுற்றுலா ஏற்பாடு எளிது. ஒரு கார், ஒரு ஓட்டுநர், ஆங்கிலம் பேசும் ஒரு வழிகாட்டி. கூட வேறு யாரும் இருக்க மாட்டார்கள். பெரிய பேருந்தில் கும்பலாகப் போனால் வழிகாட்டி கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடுவார். பின்னால் வருகிறவர்கள் பார்த்ததும் பார்க்காததுமாக ஓட வேண்டும். தனிக் காரில் போனால், வயலோரம் நிறுத்தி, 'இது என்ன பயிர், எத்தனை மாதம்?' என்று கேட்கலாம். இந்தச் சுற்றுலாக்களில் கட்டணம் பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்று இல்லாமல் காருக்கு இவ்வளவு என்று இருப்பதால், மூன்று நான்கு பேர் சேர்ந்து போனால் செலவு குறையும்.

வழக்கமாக முதலில் அழைத்துப் போவது பாண்டா கரடி ஆராய்ச்சி மையத்துக்கு. 1987-ல் தொடங்கப்பட்ட இந்த மையம் நகரின் வடக்குப் புறத்தில் இருக்கிறது. பாண்டாக்கள் காலை நேரத்தில்தான் சுறுசுறுப்பாக மூங்கில் தின்னும். வெயில் ஏறினால் படுத்துவிடும். அதனால் திறந்தவுடன் போய்விட வேண்டும். இரண்டு மணி நேரம் போதும்.

வழியில் மிளகாய் விழுது!

அங்கிருந்து டூஜியாங்யான் போகும் வழியில் இருப்பது பிடு வட்டாரம். சிச்சுவான் சமையலுக்கு ஆதாரமான 'டோபான்ஜியாங்' என்ற மிளகாய் விழுதுக்குப் பெயர் பெற்ற ஊர். மொச்சையைப் போன்ற ஒரு பெரிய பயறு, சிவப்பு மிளகாய், உப்பு, கோதுமை மாவு ஆகியவைதான் சரக்கு. பெரிய ஜாடிகளில் போட்டு மாதக்கணக்கில் புளிக்க வைக்கிறார்கள். பகலில் வெயில் பட வேண்டும்; இரவில் பனி இறங்க வேண்டும்; மழை வந்தால் மூட வேண்டும்; தவறாமல் கிளறிவிட வேண்டும். சில ஜாடிகள் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மிளகாயை மிளகாயாக விற்காமல் விழுதாக விற்பதால் ஊருக்கே ஒரு பெயர் கிடைத்திருக்கிறது.

இதே பிடு வட்டாரத்தில் நோங்கெ என்ற கிராமம் உண்டு. இங்கிருந்த விவசாயிகள் அலங்காரச் செடி, மரக்கன்று நாற்றங்கால் போட்டிருந்தார்கள். 1980-களில், கன்று வாங்க வந்தவர்களுக்குத் தங்கள் வீட்டிலேயே சோறு போடத் தொடங்கினார்கள். அது பிறகு தனித் தொழிலாக வளர்ந்தது. 'நோங்ஜியாலெ' என்று பெயர். 'விவசாயி வீட்டு மகிழ்ச்சி' என்று பொருள் சொல்லலாம். இன்று சீனா முழுக்கப் பரவியிருக்கும் பண்ணைச் சுற்றுலா பிறந்த இடமாக இந்தக் கிராமத்தைத்தான் சொல்கிறார்கள். மதியச் சாப்பாட்டை ஓட்டலில் வைக்காமல் இப்படி ஒரு பண்ணை வீட்டில் வைக்கச் சொல்லி வழிகாட்டியிடம் முன்கூட்டியே கேட்கலாம்.

ஆற்றைப் பிரிக்கும் மீன்வாய்!

மதியத்துக்கு மேல் டூஜியாங்யான். மலையிலிருந்து இறங்கும் மின் ஆறு சமவெளியைத் தொடும் இடம் இது. பனி உருகும் காலத்திலும் மழைக்காலத்திலும் ஒரு பக்கம் வெள்ளம். இன்னொரு பக்கம் வறட்சி. இப்படித்தான் இருந்திருக்கிறது அந்தக் காலத்தில். கி.மு. 256 வாக்கில் இந்தப் பகுதியின் ஆளுநராக இருந்த லி பிங், ஆற்றை மறித்து அணை கட்டவில்லை. ஆற்றின் போக்கைப் படித்து, அதற்கேற்ப மூன்று வேலைகளைச் செய்தார்.

முதல் வேலை, ஆற்றின் நடுவே ஒரு கரை. அதன் முனை மீனின் வாய்போலக் கூர்மையாக இருப்பதால் 'மீன்வாய்' என்று பெயர். இது ஆற்றை உள் ஆறு, வெளி ஆறு என்று இரண்டாகப் பிரிக்கிறது. உள் ஆறு குறுகலானது, ஆழமானது, பாசனத்துக்குப் போகிறது. வெளி ஆறு அகலமானது, ஆழம் குறைந்தது, வெள்ளத்தை வெளியேற்றுகிறது. தண்ணீர் குறைவான காலத்தில் சுமார் 60 சதவிகிதம் ஆழமான உள் ஆற்றுக்குப் போகும். வெள்ளம் வந்தால் அகலமான வெளி ஆறு 60 சதவிகிதத்தை இழுத்துக்கொள்ளும். மதகைத் திறக்க ஆள் வேண்டாம். ஆறே கணக்குப் பார்த்துக்கொள்ளும். ஆற்றின் வளைவில் இந்த முனையை வைத்திருப்பதால், அடியில் உருண்டு வரும் மணலில் பெரும்பகுதி வெளி ஆற்றோடு போய்விடுகிறது.

இரண்டாவது வேலை, மலையை வெட்டியது. உள் ஆற்றின் தண்ணீர் சமவெளிக்கு வர ஒரு மலைமுனை தடையாக நின்றது. வெடிமருந்து இல்லாத காலம். பாறையின் மேல் தீ மூட்டிச் சூடாக்கி, தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்து, விரிசல் விட்ட பிறகு உடைத்தார்கள் என்கிறார்கள். அப்படி உருவான சுமார் 20 மீட்டர் அகலமுள்ள வாய்க்கு 'குப்பிக் கழுத்து' என்று பெயர். எவ்வளவு வெள்ளம் வந்தாலும் இந்தக் கழுத்து கொள்ளும் அளவுக்குத்தான் தண்ணீர் உள்ளே போகும்.

மூன்றாவது, மீன்வாய்க்கும் குப்பிக் கழுத்துக்கும் நடுவே இருக்கும் தாழ்வான தடுப்பு. நம் ஏரிகளில் கலிங்கு செய்யும் வேலையைத்தான் இது செய்கிறது. உயரம் 2 மீட்டருக்குச் சற்றே அதிகம். கழுத்துக்குள் போக முடியாத உபரித் தண்ணீர் இதன்மேல் வழிந்து வெளி ஆற்றுக்குத் திரும்புகிறது. அப்போது ஏற்படும் சுழல், மணலையும் கூழாங்கற்களையும் சேர்த்து அள்ளி எறிந்துவிடுகிறது. அதனால் இதற்கு 'மணல் பறக்கும் தடுப்பு' என்று பெயர்.

குப்பிக் கழுத்தைத் தாண்டியதும் தண்ணீர் பெரிய வாய்க்கால்களாகப் பிரிந்து, கிளை வாய்க்காலாகி, வயலுக்குப் போகிறது. சமவெளி வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சரிந்திருப்பதால் பம்ப்செட் இல்லாமலே பாய்கிறது. இன்று இந்தத் திட்டத்தால் பாசனம் பெறும் நிலம் 1 கோடி 'மூ'வுக்கும் அதிகம். ஒரு மூ என்பது சுமார் பதினாறரை சென்ட். நம் கணக்கில் 16 லட்சம் ஏக்கருக்கு மேல்.

ஆழமாக வாரு... தாழ்வாகக் கட்டு!

இங்கே வழிகாட்டியிடம் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 'இவ்வளவு காலம் இது எப்படித் தாங்கியது?'

அதற்கான பதில் அங்கேயே ஆறு சீன எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கிறது. படுகையை ஆழமாகத் தூர் வாரு, தடுப்பைத் தாழ்வாகக் கட்டு என்பது அதன் சாரம். மணல் சேரும்போது தடுப்பை உயர்த்திக்கொண்டே போனால் ஒருநாள் வெள்ளம் ஊரை அடித்துவிடும். மணலை வாரினால் உயர்த்த வேண்டிய தேவையே வராது.

நூற்றாண்டுகளாகத் தொடர்ந்த மராமத்துக்குக் காலக்கெடு இருந்தது. அக்டோபர் கடைசியில் வெளி ஆற்றை மறித்துத் தூர் வாருவார்கள். பிப்ரவரி தொடக்கத்தில் அதைத் திறந்துவிட்டு, உள் ஆற்றை மறிப்பார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில், முன்னோருக்குப் படைக்கும் சிங்மிங் திருநாளை ஒட்டி, நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பார்கள். மரக்கட்டைகளை முக்காலிபோலக் கட்டி ஆற்றில் நிறுத்தித் தடுப்பு போடுவது, மூங்கில் கூடைகளில் கூழாங்கல் நிரப்பிக் கரை அடுக்குவது என்று எல்லாமே அந்தப் பகுதியில் கிடைக்கும் பொருள்கள்தான். இன்றும் ஏப்ரலில் தண்ணீர் திறப்பு விழாவில் அந்த முக்காலித் தடுப்பைக் கயிறு கட்டி இழுத்துத் திறந்து காட்டுகிறார்கள்.

எவ்வளவு ஆழம் வாருவது என்பதற்கும் அளவு உண்டு. படுகைக்கு அடியில் இரும்புத் தண்டுகளைப் புதைத்து வைத்திருக்கிறார்கள். தண்டு தெரியும்வரை வாரினால் போதும். குறைத்து வாரினால் தண்ணீர் போதாது. அதிகம் வாரினால் வெள்ளம் உள்ளே புகும். தண்ணீர் மட்டத்தை அளக்க லி பிங் மூன்று கல் மனிதர்களை ஆற்றில் நிறுத்தினார் என்று பழைய வரலாற்று நூல் சொல்கிறது. தண்ணீர் பாதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது, தோளுக்கு மேலே ஏறக் கூடாது. எழுத்துத் தெரியாதவர்களுக்கும் புரியும் அளவுகோல். 1974-ல் ஆற்றுப் படுகையிலிருந்து லி பிங்கின் கல் சிலையே கிடைத்தது. கி.பி. 168-ல் செய்யப்பட்ட அந்தச் சிலையை அங்கிருக்கும் கோயிலில் பார்க்கலாம்.

உடைந்தது... மீண்டும் எழுந்தது!

2,200 ஆண்டுகள் என்றதும், அதே கல் அப்படியே நிற்பதாக நினைத்துவிடக் கூடாது. 1933-ல் மேலே மலைப்பகுதியில் நிலநடுக்கம் வந்து, சரிந்த மண்ணால் ஏரி உருவாகி, அது உடைந்து வந்த வெள்ளம் மீன்வாயை அடித்துக்கொண்டு போனது. மறுபடி கட்டினார்கள். 1974-ல் வெளி ஆற்றின் தலைப்பில் மதகு வைத்தார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலே ஜிபிங்பு என்ற பெரிய அணையும் வந்தது. 2003-ல், மீன்வாய்க்கு வெகு அருகிலேயே இன்னோர் அணை கட்டத் திட்டம் போட்டபோது எதிர்ப்பு கிளம்பியது. பத்திரிகைகள் எழுதின. அந்த ஆண்டே திட்டம் கைவிடப்பட்டது.

2008 மே 12 அன்று வந்த பெரும் நிலநடுக்கத்தில் டூஜியாங்யான் நகரமே நொறுங்கியது. லி பிங்குக்கும் அவர் மகனுக்கும் எழுப்பிய மலைக்கோயில் கடுமையாகச் சேதமடைந்து, பிறகு சீரமைக்கப்பட்டது. மீன்வாயில் விரிசல் விழுந்தது. ஆனால், பாசன அமைப்பு நிற்கவில்லை. கல்லும் சிமென்ட்டும் எத்தனையோ முறை மாறியிருக்கின்றன. ஆற்றைப் பிரிக்கும் முறையும், மராமத்து செய்யும் பழக்கமும் மாறவில்லை. 2000-ம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததும், 2018-ல் பாரம்பரியப் பாசன அமைப்புகளின் சர்வதேசப் பட்டியலில் சேர்த்ததும் இதனால்தான்.

தோப்புக்குள் வீடு!

திரும்பும்போது சன்னலோரம் உட்கார வேண்டும். வயல்களுக்கு நடுவே திட்டுத் திட்டாகத் தோப்புகள் தெரியும். மூங்கிலும் மரங்களும் சூழ, உள்ளே சில வீடுகள். 'லின்பான்' என்பது இந்தக் குடியிருப்புகளின் பெயர். காற்றுக்குத் தடுப்பு, விறகு, கூடை முடைய மூங்கில் எல்லாம் வீட்டைச் சுற்றியே. நெல் அறுத்த வயலில் குளிர்காலத்தில் கடுகு இனத்தைச் சேர்ந்த எண்ணெய்வித்துப் பயிரைப் போடுகிறார்கள். மார்ச் மாதத்தில் சமவெளி முழுக்க மஞ்சள் பூவாக இருக்கும். நகரம் பெருகப் பெருக இந்தத் தோப்புகள் குறைந்துகொண்டு வருகின்றன. அவற்றைக் காப்பாற்றும் முயற்சிகளும் நடக்கின்றன.

மாலையில் நகரத்தின் மக்கள் பூங்காவில், மூங்கில் நாற்காலி போட்ட தேநீர்க் கடையில் உட்காரலாம். மூடி போட்ட கிண்ணத்தில் தேயிலை. தீரத் தீர வெந்நீர் ஊற்றிக்கொள்ளலாம். பல மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். 'வளம் கொழிக்கும் பூமி' என்று இந்தச் சமவெளிக்குப் பழைய பெயர். அந்த வளம் ஆற்றிலிருந்து வந்தது. ஆறு அடங்கி நடந்தது, ஆண்டு தவறாமல் மண்வெட்டியோடு இறங்கிய விவசாயிகளால்.

போகிறவர்கள் கவனத்துக்கு...

* இந்தியர்களுக்கு விசா அவசியம். முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.
* மார்ச், ஏப்ரல் மாதங்களும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் ஏற்ற காலம். சீனாவின் பொது விடுமுறை நாள்களில் கூட்டம் நெரியும், தவிர்ப்பது நல்லது.
* நுழைவுக் கட்டணம், சாப்பாடு, சுங்கக் கட்டணம் இவற்றில் எது சேர்த்தி, எது தனி என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். 'கடைகளுக்கு அழைத்துப் போக வேண்டாம்' என்றும் முதலிலேயே சொல்லிவிடலாம்.
* பெட்டிக்கடையில்கூட செல்போன் மூலம்தான் பணம் வாங்குகிறார்கள். அதற்கான செயலியைக் கிளம்பும் முன்பே போனில் ஏற்றி, வெளிநாட்டில் செல்லும் வங்கி அட்டையை இணைத்துக்கொள்ள வேண்டும். கூகுள், வாட்ஸ்அப் வழக்கம்போல இயங்காது.
* சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். 'மாப்போ டோஃபு' என்ற புகழ்பெற்ற சோயாக் கட்டிக் குழம்பில்கூட வழக்கமாகக் கொத்துக்கறி இருக்கும். நகரத்துக்குள் இருக்கும் வென்ஷு புத்த மடாலயத்தில் சைவ உணவு கிடைக்கும்.