பேர் எழுதிக் கொண்டுபோன சனம்

2009 மே மாசக் கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு இரங்கல் கூட்டம். முள்ளிவாய்க்கால் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அப்போது நான் கல்லூரி மாணவன். மேடையில் ஒருவர் தொண்டை கட்டிப்போய்ப் பேசினார். வெள்ளைக்காரன் வர்ற வரைக்கும் சிங்களவனும் தமிழனும் அண்ணன் தம்பியா இருந்தான், தமிழனுக்குள்ள பேதமே கிடையாது, பிரிச்சவன் வெள்ளைக்காரன் என்றார். கூட்டம் தலையாட்டியது. எனக்கு சிலோன் அப்பத்தா ஞாபகம் வந்தது.

ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்க ஊர்ப் பறத்தெருவில் சிலோன் அப்பத்தா என்றால் சின்னப் புள்ளைக்கும் தெரியும். எங்க அப்பத்தாவுக்கு அவள் சித்தப்பன் மகள். அந்தச் சித்தப்பனை 1930களில் ஒரு கங்காணி பேர் எழுதிக் கூட்டிப்போனான். கங்காணி குடுத்த முன்பணத்தில் பண்ணைக் கடன் அடைந்தது, தோட்டத்துக் கடன் ஆரம்பித்தது. மண்டபம் முகாமில் நாள்கணக்கில் அடைத்துவைத்து, நோய் நொடி பார்த்து, தலைமன்னாருக்கு அனுப்பினார்கள்.

"வெள்ளக்காரனாப்பா வந்து எங்கய்யனப் புடிச்சான்? கங்காணிதான் புடிச்சான். அவன் ஊர்த்தெரு ஆளு" என்பாள் கெழவி. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் லயம்கூட சாதி பார்த்துத்தான். துரை பங்களாவுக்குள் போனாலும் போகலாம், கங்காணி வீட்டுக்குள் போக முடியாது. விடியக்காலம் பெரட்டுக்களத்தில் நின்று செக்ரோலில் பேர் விழுந்தால்தான் அன்றைக்குச் சம்பளம். தோட்டத்துக்குப் போன சனத்தில் பெரும்பகுதி நம்ம சனம்.

ஆகவே பேதத்தை உண்டாக்கினவன் வெள்ளைக்காரன் என்று என்னால் சொல்ல முடியாது. அண்ணன் தம்பியாய் இருந்த அந்தக் காலத்தில் நாங்கள் எங்கே இருந்தோம் என்று மேடைக்காரரைக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. எழவு வீடு.

வெள்ளைக்காரன் செய்தது வேற வேலை. இருந்த பேதத்தைத் தலை எண்ணிப் பேரேட்டில் ஏற்றினான், ஏட்டைப் பார்த்து நாற்காலி போட்டான். 1833இல் இலங்கையில் சட்டநிரூபண சபை அமைத்தபோதே சிங்களவருக்கு, தமிழருக்கு, பறங்கியருக்கு என்று இனம் பார்த்து நியமனம். 1871இல் முதல் குடிக்கணக்கு. 1911 கணக்கில் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று ரெண்டு கட்டம். சிங்களம் ஆரியம், தமிழ் திராவிடம் என்று ஐரோப்பியப் பண்டிதர்கள் மொழிக்குச் சொன்னதை ரத்தத்துக்கு என்று எடுத்துக்கொண்டார் அநாகரிக தர்மபாலர். 1931இல் வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு வந்தது. வருமுன் அதை எதிர்த்தவர்களில் தமிழ் மேட்டுக்குடித் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனும் உண்டு. ஒடுக்கப்பட்ட சாதிக்கும் பெண்களுக்கும் ஓட்டா என்பதுதான் அவர் கவலை. நம்ம ஊர் ஈழக் கூட்டங்களில் இதை யாரும் வாயெடுப்பதில்லை.

வெள்ளைக்காரன் கிளம்பினான். ஏடு அங்கேயே இருந்தது. அதே 1948இல் குடியுரிமைச் சட்டம் போட்டார்கள். அப்பன் இலங்கையில் பிறந்ததுக்கு, இல்லாவிட்டால் தாத்தனும் பூட்டனும் பிறந்ததுக்கு அத்தாட்சி கொண்டா என்றார்கள். லயத்தில் பிறந்தவனுக்கு ஏது அத்தாட்சி? சுமார் ஏழு லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து ஆளைப் பாகம் பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கில் கெழவி இந்தியாவுக்கு விழுந்தாள், அவள் தம்பி இலங்கைக்கு. 1973இல் ஒப்பாரிக் கோச்சியில் ஏறினவள், ரயில் நகர்ந்தபோது தம்பி சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லையாம். பித்தான் ஒன்று கையோடு வந்துவிட்டது.

தம்பி குடும்பம் 1977 கலவரத்தில் அடிபட்டு, உடுத்த துணியோடு கிளிநொச்சிப் பக்கம் ஓடியது. அங்கே தமிழர்களே அவர்களுக்கு வைத்த பேர் 'தோட்டக்காட்டான்'. 1983இல் கொழும்பில் காடையர்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடு எது என்று பார்த்துப் பார்த்துக் கொளுத்தினார்கள். ருவாண்டாவிலும் இதே கதை. ஹூட்டு, டுட்சி என்ற பேதம் பெல்ஜியக்காரன் போகுமுன்பே உண்டு. 1930களில் அதை ஆளாளுக்கு அட்டையில் எழுதிக் கொடுத்தது அவன். 1994இல் ரோட்டை மறித்து நின்றவர்கள் முதலில் கேட்டது அந்த அட்டையைத்தான். நூறு நாளில் சுமார் எட்டு லட்சம் பேர் போனார்கள்.

இதை எழுதுகிற நான் எம்.ஏ. தமிழ் படித்ததும் ஒரு அட்டையால்தான். சாதிச் சான்றிதழ் இல்லாவிட்டால் எனக்கு ஹாஸ்டல் சோறு கிடையாது. அயோத்திதாசப் பண்டிதர் குடிக்கணக்கில் சாதிபேதமற்ற திராவிடர் என்று பதியச் சொல்லிப் போராடியதும் அந்த ஏட்டின் பலம் தெரிந்துதான். அட்டையைக் கிழித்துப் போடு என்று என்னால் சொல்ல முடியவில்லை. யார் கையில் அது கத்தியாகும் என்ற பயமும் போகவில்லை.

கெழவியின் பேத்திக்கு அந்தச் சான்றிதழ் வாங்க நான்தான் கூடப் போனேன். சிலோன்ல பொறந்தவங்களுக்கு நான் எப்படிச் சாதி எழுதுறது, ஆதாரம் வேணும் என்றார் அதிகாரி. நாலு தடவை அலைந்த பிறகு ஊருக்கு விசாரணைக்கு வந்தார். ஊர்த்தெருப் பெரியவர் ஒருத்தர் திண்ணையைவிட்டு எந்திரிக்கவே இல்லை. "இவ அய்யன் எங்க பண்ணையில கெடந்தவன்தான். பறத்தெருதான். எழுதிக்கங்க" என்றார். எழுபது வருசத்துக்கு முந்தின விசயம். அன்றைக்கே கையெழுத்தாகிவிட்டது.

தம்பியின் கடுதாசி 2008க்குப் பிறகு வரவில்லை. 2011இல் ஐநா நிபுணர் குழு, கடைசிக்கட்டப் போரில் 40,000 பொதுமக்கள் வரை செத்திருக்கலாம் என்றது. மறுவருசம் ஐநாவின் இன்னொரு அறிக்கை, 70,000க்கு மேற்பட்டோருக்குக் கணக்கே இல்லை என்று தகவல் வந்திருப்பதாகச் சொன்னது. இனப்படுகொலை என்ற சொல்லை ரெண்டும் போடவில்லை. எனக்கு அதில் தயக்கமில்லை. அந்தச் செய்தியைப் பேப்பரில் பார்த்துக் கெழவிக்கு வாசித்துக் காட்டினேன். காது சரியாகக் கேட்காது, கிட்ட நகர்ந்து உட்கார்ந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "இம்புட்டு எழுதியிருக்கானுகளே, எந்தம்பி பேரு எங்கிட்டாச்சும் இருக்கான்னு பாருப்பா" என்றாள்.