பதினைந்து என்று எழுதச் சொன்னேன்

எனக்கு இயற்கணிதம் தெரியாது. தெரியாது என்று அந்தப் பிள்ளையிடம் நான் சொல்லவில்லை. அதுதான் நான் செய்த குற்றம்.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் மறுபடி திறந்தார்கள். பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்தில் அதுவரை பாடம் என்றால் கல்வித் தொலைக்காட்சிதான். அதனிடம் சந்தேகம் கேட்க முடியாது. வீட்டில் இருந்த ஒரே போனும் அப்பாவோடு முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போய்விடும். பொன்னேரிக்குப் பஸ்ஸில் போய்வந்து டிகிரி முடித்தவள் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான். பிள்ளைகள் நோட்டோடு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

நான் படித்தது தமிழ் இலக்கியம். பள்ளியில் எக்ஸ் என்று ஒன்று வந்த அன்றே கணக்கு என் கையை விட்டுப் போய்விட்டது. "புரிஞ்சுதா?" என்று சார் கேட்பார். "புரிஞ்சுது சார்" என்று எல்லாரோடும் சேர்ந்து கத்துவேன். வீட்டுப்பாடத்தைத் தோழியின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்வேன். கேட்டால் மானம் போகும் என்று பயம்.

திண்ணைக்கு வந்தவர்களில் நான் முதலில் சொன்ன அந்தப் பெண் அப்போது ஏழாவது. எக்ஸை மூன்றால் பெருக்கி, 6 கூட்டினால் 24. எக்ஸ் எவ்வளவு? 6-ஐ அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கழிக்கச் சொன்னேன். 18 வந்தது. அதுவரை சரி. அடுத்து 3-ஐயும் கொண்டுபோய்க் கழிக்கச் சொன்னேன். பக்கம் மாறினால் குறி மாறும் என்பது எனக்கு வெறும் மனப்பாடம். பெருக்கிக்கொண்டு நிற்கும் எண்ணை வகுத்துத்தான் எடுக்க வேண்டும் என்பது தெரியாது. 15 என்றேன்.

அவள் எழுதிவிட்டு நிமிரவில்லை. பென்சிலால் ஓரத்தில் போட்டுப் பார்த்தாள். மூணு பதினைஞ்சு நாற்பத்தஞ்சு. ஆறு சேர்த்தால் ஐம்பத்தொண்ணு. "இருபத்திநாலு வரலியேக்கா" என்றாள்.

அப்படிச் சரிபார்ப்பது அவள் வீட்டுப் பழக்கம். மீன் விற்ற காசில் டீசலைக் கழித்துவிட்டு மீதியைப் பங்கு பிரிப்பார்கள். பிரித்ததை அவள் அம்மா ஒருமுறை திரும்பக் கூட்டிப் பார்ப்பார். 2400 ரூபாய்க்கு மீன், 600 ரூபாய் டீசல், மூன்று பங்கு என்றால் ஆளுக்கு 600. புத்தகத்தில் இருந்ததும் இதே கணக்குதான். எனக்கு அன்று அது உறைக்கவில்லை.

ஆனால் எங்கோ தப்பு என்பது அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. இதை மறைக்க மாட்டேன். மற்ற பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "காலேஜ் படிச்சது நீயா, நானா? சொன்னதை எழுது" என்றேன். அவள் ரப்பரை எடுத்தாள். ஓரத்தில் சரியாகப் போட்டிருந்ததை அழித்தாள். மற்றவர்களும் 15 என்று எழுதிக்கொண்டார்கள்.

நாலு வீடு தள்ளி பாலிடெக்னிக் படிக்கிற பையன் இருந்தான். ஐந்து நிமிட வேலை. நான் இடுப்பில் தூக்கித் திரிந்த பையனிடம் போய் எப்படிக் கேட்பது என்று இருந்துவிட்டேன். பள்ளி திறக்கும்வரை அதே தப்பைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

திறந்த பிறகு ஒருநாள் அவள் கரும்பலகையில் நான் சொன்னபடியே போட்டாளாம். பிள்ளைகள் சிரித்தார்களாம். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டதற்கு என் பேரைச் சொல்லவில்லையாம். கூடப் படித்த பிள்ளை வந்து சொன்னது. கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். அதன்பின் அவள் நோட்டு கொண்டுவரவில்லை. வகுப்பிலும் எதையும் கேட்பதில்லை என்று அவள் அம்மா வருத்தப்பட்டார். போட்டுப் பார்த்து, வரவில்லையே என்று வாய்விட்டுக் கேட்ட பிள்ளை அவள். அந்த வயதில் எனக்கு வராத தைரியம் அது. அதை நான் கெடுத்தேன்.

2024-இல் பதினொன்றாம் வகுப்பில் சேரும்போது கணக்கு இல்லாத குரூப்பாகப் பார்த்து எடுத்தாள். "எனக்குக் கணக்கு வராதுக்கா" என்றாள். ஃபாரத்தை நிரப்பிக்கொடுத்தது நான்தான். நான்தான் உனக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று மட்டும் காட்டினேன்.