‘என்றார்’ போதும்

பிள்ளைகளின் சிறுகதைகளைத் திருத்தும்போதெல்லாம் எனக்கு எல்மோர் லெனார்ட் ஞாபகம் வருவார். அமெரிக்காவின் டெட்ராய்ட் பக்கம் வாழ்ந்து 2013இல் காலமான குற்றக்கதை நாவலாசிரியர். ‘கெட் ஷோர்ட்டி’ படம் அவருடைய நாவல்தான். அவருடைய பாத்திரங்கள் கதைப்பதைக் கேட்கவே அவரை வாசிக்கிறவர்கள் உண்டு.

2001இல் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில், சக எழுத்தாளர்களுக்குப் பத்து விதிகள் எழுதினார். அதில் இரண்டு இவை: பேச்சுக்குப் பிறகு ‘சொன்னார்’ என்பதைத் தவிர வேறு வினைச்சொல் போடாதீர்கள். அந்தச் ‘சொன்னார்’ மேல் கோபமாக, சோகமாக என்று எதையும் ஏற்றாதீர்கள். ஏனென்றால் பேச்சு பாத்திரத்துக்குச் சொந்தம். ‘கர்ஜித்தார்’ என்று எழுதினால் அங்கே எழுத்தாளர் குறுக்கே வந்து நிற்கிறார்.

எங்கள் பிள்ளைகளின் கொப்பியில் பாருங்கள். “நீ எங்கே சென்றாய்?” என்று உம்மா கோபத்துடன் வினவினார். எந்த வீட்டில் உம்மா வினவுகிறார்? வகுப்பில் வாசித்துக் காட்டினால் பிள்ளைகளே சிரிக்கிறார்கள்.

“வாங்க மகன், சாப்பிடுங்க” என்று தினமும் கூப்பிடுகிற உம்மா, ஒருநாள் “எங்க போன நீ?” என்று கேட்டால் போதும். நீங்க, நீ ஆகிவிட்டது. மகனுக்கு வயிறு கலங்கிவிடும். ‘கோபத்துடன்’ என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை. லெனார்ட் எழுதிய ஆங்கிலத்தில் இந்த வசதி கிடையாது. நமக்குத் தமிழ் சும்மா தந்திருக்கிறது.

ஒரு சின்னப் பயிற்சி செய்வோம். ‘என்றார்’களை எல்லாம் வெட்டிவிட்டு, இரண்டு பிள்ளைகள் உரையாடலைச் சத்தமாக வாசிப்பார்கள். யார் கதைக்கிறார் என்று மற்றவர்கள் கண்டுபிடித்தால் உரையாடல் பாஸ்.

வட்டார வழக்கை அளவாகப் பாவியுங்கள் என்றும் லெனார்ட் சொல்கிறார். ஒவ்வொரு ஒலியையும் அப்படியே எழுதத் தொடங்கினால் நிறுத்த முடியாது என்பது அவர் கவலை. நியாயம்தான். ஆனால் நம் பிள்ளைகள் அளவு மீறுவதில்லை, தொடங்கவே பயப்படுகிறார்கள். வாப்பா, ராத்தா, காக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுகிற பிள்ளை, பேனா எடுத்ததும் தந்தை, தமக்கை, தமையன் என்று எழுதுகிறது. வீட்டுப் பேச்சு தாளுக்குத் தகுதியில்லை என்று அந்தப் பிள்ளை நம்பிவிட்டது.

நம் பேச்சை நாம் எழுதாவிட்டால் வேறு யாராவது எழுதுவார்கள். தமிழ்ப் படங்களில் முஸ்லிம் பாத்திரங்களுக்கு ‘நிம்பள், நம்பள்’ என்று கொடுத்தார்களே, அந்த மாதிரி. எஸ்.எல்.எம். ஹனீபாவின் ‘மக்கத்துச் சால்வை’ கதைகளைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். கிழக்கு மண்ணின் பேச்சு இலக்கியமாகி நிற்பதை அவர்களே காணட்டும்.

உங்கள் உம்மா கோபம் வந்தால் வழக்கமாகச் சொல்கிற ஒரு வசனத்தைக் கீழே எழுதுங்கள். ‘கோபத்துடன்’ போட வேண்டாம். எங்களுக்கு விளங்கும்.