வெங்காயத்துக்கும் கணக்கு தெரியும்: நம்ம ஊரு 11 டிகிரி



அட்சரேகைன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். மேப்புல குறுக்கால போற கோடு, பரீட்சையில ரெண்டு மார்க்கு, அதோட சரி. அந்தக் கோட்டுக்கும் நம்ம வயலுக்கும் என்ன சம்பந்தம்னு இந்த வருசம் பக்கத்து வயல்ல கண்ணால பார்த்தேன். வெங்காயம் போடுறவங்க எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய விசயம், அதான் எழுதுறேன்.

முதல்ல உங்க ஊரு எண்ணைத் தெரிஞ்சுக்கங்க. போன்ல மேப்பைத் திறந்து உங்க வயல் மேல விரலை அழுத்திப் பிடிச்சா ரெண்டு எண் வரும். முதல் எண்தான் அட்சரேகை. எங்க பெரம்பலூர் பக்கம் 11.2ன்னு காட்டும். பூமத்திய ரேகையில இருந்து வடக்கே 11.2 டிகிரி தள்ளி இருக்கோம்னு அர்த்தம்.

அதைத் தூரமா மாத்துறதும் சுலபம்தான். பூமத்திய ரேகையில இருந்து வடதுருவம் வரைக்கும் 90 டிகிரி, ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர். வகுத்தா டிகிரிக்கு 111 கிலோமீட்டர். அந்தக் கணக்குல எங்க ஊருக்கு 1,240 கிலோமீட்டர் சொச்சம் வருது. கன்னியாகுமரி 8 டிகிரியில இருக்கு. அங்கிருந்து கடல்ல இன்னும் 900 கிலோமீட்டர் தெற்கே போனாத்தான் அந்தக் கோடு.

இந்த எண்ணு ரெண்டு விசயத்தைத் தீர்மானிக்குது. ஒண்ணு, சூரியன் நிக்கிற இடம். எங்க ஊருல ஏப்ரல் 20ஐ ஒட்டியும், ஆகஸ்டு 23ஐ ஒட்டியும் மத்தியானம் 12.15 வாக்குல நேரா நட்ட குச்சிக்கு நிழலே விழாது. இந்த ரெண்டு தேதிக்கும் நடுவுல உள்ள நாலு மாசம், உச்சி வேளையில சூரியன் நமக்கு வடக்கே நிக்கும், நிழல் தெற்கே விழும். வைகாசி, ஆனியில ஆட்டுக் கொட்டாயோட வடக்குப் பக்கம் வெயில் அடிக்கிறது இதனாலதான். டெல்லி 28 டிகிரிக்கு மேல, கடக ரேகையைத் தாண்டி இருக்கு. அங்கே உச்சியில நிழல் இல்லாத நாள் வருசத்துல ஒண்ணுகூடக் கிடையாது.

ரெண்டாவது, பகலோட நீளம். விவசாயிக்கு முக்கியம் இதுதான். எங்க ஊருல ஆனி மாசத்து நீளமான பகல் 12 மணி 45 நிமிசம் போல வரும். மார்கழியில குறைஞ்ச பகல் பதினொன்னரை மணி. வித்தியாசம் ஒண்ணே கால் மணி நேரம்தான், அதனால நாம பெருசா கவனிக்கிறதில்லை. டெல்லியில நீளமான பகல் 14 மணி நேரம் கிட்ட. லண்டன் 51 டிகிரி, அங்கே பதினாறரை மணி நேரம்.

இப்போ வெங்காயத்துக்கு வர்றேன். பக்கத்து வயல்காரர் எனக்குத் தம்பி முறை, பேரு வேண்டாம். போன்ல தேங்காய் சைசுல வெங்காயப் படத்தைப் பார்த்து விதை வாங்கினார். எங்க விளைஞ்ச ரகம்னு விக்கிறவங்க சொல்லலை. புரட்டாசியில நாத்து விட்டு, கார்த்திகையில 25 சென்ட்டுல நடவு போட்டார். வீட்டுக்காரம்மாவோட தோடு அடகுக்குப் போச்சு. தாள் என்னமோ ஆள் முழங்காலுக்கு வந்துச்சு, பச்சைப்பசேல்னு. மாசியில புடுங்கிப் பார்த்தா கழுத்து தடியா இருக்கு, கீழே காயே இல்லை.

உரக்கடையில ஒரு மருந்து சொன்னாங்க, அதையும் அடிச்சார். ஒருத்தர் போர்த் தண்ணி உப்புன்னார். இன்னொருத்தர் மண்ணு செத்துப்போச்சுன்னார். கடைசியில, "அண்ணே, இனி இந்தக் காட்டுல வெங்காயம் வராது போலிருக்கு, குத்தகைக்கு விட்டுரலாமான்னு பாக்குறேன்"னு எங்கிட்ட வந்து உக்காந்தார். அவங்க அப்பா காலத்துல இருந்து சின்ன வெங்காயம் விளைஞ்ச மண்ணு அது.

தோட்டக்கலையில வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒருத்தர் வந்து பார்த்தார். ஒரு செடியைப் புடுங்கி கழுத்தை அமுக்கிப் பார்த்துட்டு, "மண்ணுல ஒரு குத்தமும் இல்லைப்பா. இது நீளமான பகல் கேக்குற ரகம். 14 மணி நேரமாவது வெளிச்சம் பார்த்தாத்தான் இது காய் திரட்டும். உங்க ஊருல எந்த மாசமும் 13 மணியே வராது, அதுகிட்ட போய் மருந்து அடிச்சா என்ன பண்ணும்?"னு கேட்டார்.

வெங்காயச் செடி பகலை அளந்துதான் காய் வைக்குதாம். நம்ம பக்கம் விளையிற ரகம் எல்லாம் 11, 12 மணி நேரப் பகலுக்கே திரளும். வடக்கே ரொம்ப தூரத்துல இருக்கிற நாட்டு ரகம் அப்படி இல்லை. அங்கே 14, 16 மணி நேரம் வெளிச்சம் இருக்கு, அதுக்குப் பழகின விதை.

நெல்லுலயும் இந்தக் கணக்கு உண்டு. பழைய சம்பா ரகங்கள்ல பலதும் பகல் குறைஞ்சாத்தான் கதிர் விடும். முன்னால விதைச்சாலும், இருபது நாள் பின்னால விதைச்சாலும் பூக்குற காலம் பெருசா மாறாது. பட்டம் பார்த்து விதைன்னு பெரியவங்க சொன்னதுல மழை மட்டும் இல்லை, இந்த வெளிச்சக் கணக்கும் இருக்கு.

ஒண்ணு கேப்பீங்க. ஊட்டியும் 11.4 டிகிரிதானே, அங்கே மட்டும் கேரட் எப்படி நல்லா வருதுன்னு. அது உயரத்தால வர்ற குளிர். குளிர் கேக்குற பயிரு மலைமேல வரும். பகல் கேக்குற பயிருக்கு மலை ஏறினாலும் பிரயோசனம் இல்லை, ஊட்டியிலயும் பகல் நம்ம அளவுதான். குளிரை உயரம் கொடுக்கும், பகலை அட்சரேகைதான் கொடுக்கும்.

தம்பி காட்டைக் குத்தகைக்கு விடலை. அதே 25 சென்ட்டுல வைகாசியில நம்ம ஊரு விதை வெங்காயத்தை ஊனினார். காய் நல்லா இறங்கியிருக்கு. தோடு இன்னும் அடகுலதான் இருக்கு, ஆனா மண்ணு மேல இருந்த சந்தேகம் போயிருச்சு.

புது விதை வாங்கப் போறவங்க படத்தைப் பார்க்காதீங்க. இது எந்த ஊருல விளைஞ்ச ரகம், எத்தனை மணி நேரப் பகல் கேக்கும்னு கேளுங்க. பதில் சொல்லத் தெரியாத கடையில வாங்காதீங்க. அப்படியும் ஆசையா இருந்தா ஒரே ஒரு பாத்தியில போட்டுப் பாருங்க, 25 சென்ட்டு வேண்டாம்.