முதலில் சுண்டல்

எங்கள் ஞாயிறு வகுப்பில் சுண்டல்தான் முதலில். பாட்டு, ஜெபம், கதை எல்லாம் அதற்குப் பிறகு. பதினேழு வருடங்களுக்கு முன்பு இந்த வகுப்பு என் கைக்கு வந்தபோது முறை வேறாக இருந்தது. கடைசி ஜெபம் முடிந்து பிள்ளைகள் 'ஆமென்' சொன்ன பிறகுதான் தூக்குவாளியின் மூடி திறக்கும். நடுவில் யாரும் எழுந்து ஓடிவிடக் கூடாது என்று அப்படி வைத்திருந்தார்கள். நானும் அதையே தொடர்ந்தேன்.

ஒரு நாள் யவீருவின் மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. செத்துப்போனாள் என்று வீடே அழுகிறது. இயேசு உள்ளே போய் அவள் கையைப் பிடித்து எழுப்புகிறார், அவள் எழுந்து நடக்கிறாள். அந்த இடத்தோடு கதையை முடிப்பது என் வழக்கம். அன்று முன்வரிசையில் இருந்த ஒரு பொடியன், "பெறவு?" என்று கேட்டான். பிறகு என்ன என்று எனக்கே சட்டென்று நினைவு வரவில்லை. வேதாகமத்தைப் பிரித்துப் பார்த்தேன். மாற்கு ஐந்தாம் அதிகாரத்தின் கடைசி வசனம்: அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொல்கிறார். அதை வாசித்துக் காட்டியதும் அந்தப் பொடியன் மெதுவாகத் திரும்பித் தூக்குவாளியைப் பார்த்தான்.

அன்று இரவு நான் தூங்கவில்லை. அத்தனை பெரிய அற்புதம் நடந்த வீட்டில் எல்லாரும் திகைத்து நிற்கிறார்கள். பிள்ளைக்குப் பசிக்குமே என்ற நினைப்பு அவருக்கு மட்டும்தான் வந்திருக்கிறது. இத்தனை தடவை சொன்ன கதையில் அந்தச் சாப்பாட்டை நான் விட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். அடுத்த வாரமே முறையை மாற்றினேன்.

தூத்துக்குடிக்குத் தெற்கே திருச்செந்தூர் சாலையில் போனால் இரண்டு பக்கமும் உப்பளங்கள் தெரியும். குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிக உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு எங்கள் மாவட்டத்து அளங்களில்தான் விளைகிறது. என் வகுப்புப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் அங்கே வேலை செய்கிறவர்கள். வெயில் ஏறினால் வெள்ளைப் பாத்தியின் கூச்சத்தில் கண் திறக்க முடியாது. அதனால் இருட்டிலேயே கிளம்பிவிடுவார்கள். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் அளத்தில் வேலை கிடையாது. மழைக்காலத்துக்கென்று அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. மீதி நாட்கள் கடனில் ஓடும்.

பள்ளிக்கூடம் உள்ள நாட்களில் சிறு பிள்ளைகளின் பசிக்கு வழி உண்டு. மதியச் சாப்பாடு காமராஜர் காலத்திலிருந்தே இருக்கிறது. 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்தது. அந்த இரண்டு வேளையும் எத்தனை வீட்டு அடுப்புகளைத் தாங்குகின்றன என்பது ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு எங்கள் ஓலைக் கொட்டகைக்கு வந்து பார்த்தால் தெரியும். ஞாயிறு அன்று பள்ளிக்கூட அடுப்பு எரிவதில்லை. சுண்டலைக் கண்டதும் பாய்கிற பிள்ளை ஒரு ரகம். பசியே இல்லாததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கிற பிள்ளை இன்னொரு ரகம். எனக்குக் கவலை அந்த இரண்டாவது பிள்ளைதான்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. என்னிடம் வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் சுடலைமாடனையும் அம்மனையும் கும்பிடுகிறவர்கள். சுண்டலைக் கடைசியில் கொடுத்தால் அது ஜெபத்துக்குக் கூலி ஆகிவிடும். தின்றுவிட்டு எழுந்து விளையாடப் போகிற பிள்ளைகள் உண்டு. போகட்டும். கைம்மாறு வாங்குகிற கையாக என் கை ஆகிவிட்டால், அதன் பிறகு நான் சொல்லுகிற எந்தக் கதையையும் ஒரு பிள்ளை நம்ப வேண்டியதில்லை.

ஆரம்ப வருடங்களில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். ஒரு கிறிஸ்மஸுக்கு நல்ல மனதுள்ள ஒருவர் பெண் பிள்ளைகளுக்கெல்லாம் கவுன் தைக்கத் துணி வாங்கித் தந்தார். ஒரே பீஸ் துணி, ரோஸ் நிறத்தில் வெள்ளைப் புள்ளி. மேடையில் பெயர் கூப்பிட்டு ஒவ்வொருவருக்கும் கொடுத்தோம், வரிசையாக நிறுத்திப் போட்டோவும் எடுத்தோம். எனக்கு அன்று சந்தோஷத்தில் கண் கலங்கியது. புதுவருடம் கழிந்து இரண்டு பிள்ளைகள் வகுப்புக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். ஒருத்தி கதவு மறைவில் நின்றபடியே, "ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு டீச்சர், இது கோயில்ல குடுத்த துணின்னு" என்றாள்.

அவள் என்னைக் குறைசொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். நான்தான் அந்தப் பிள்ளையின் முதுகில் ரோஸ் நிறத்தில் ஏழை என்று எழுதி அனுப்பியிருந்தேன்.

அந்த வாரம் ரூத்தின் புத்தகத்தை எடுத்தேன். பஞ்சம் தீர்ந்தபின் மாமியாரோடு வந்த அந்நிய நாட்டு விதவை, அறுவடை வயலில் சிந்திய கதிர் பொறுக்கப் போகிறாள். வயலுக்குச் சொந்தக்காரரான போவாஸ் நினைத்திருந்தால் ஒரு மூட்டை வாற்கோதுமையை அவள் தலையில் தூக்கி வைத்து, ஊரார் பார்க்க அனுப்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. தம் ஆட்களைத் தனியே கூப்பிட்டு, அரிக்கட்டிலிருந்து வேண்டுமென்றே கொஞ்சம் உருவிச் சிந்திவிடுங்கள், அவள் பொறுக்கும்போது அதட்டாதீர்கள் என்கிறார். அவள் தன் பாட்டில் பொறுக்கினாள், தன் பாட்டில் தட்டிப் புடைத்தாள், வீட்டுக்குப் போகும்போது அது அவள் உழைத்த தானியமாக இருந்தது. பிள்ளைகள் ஊழியத்துக்கு நான் கற்ற பாடப்புத்தகம் அந்த இரண்டாம் அதிகாரம்தான். பயிற்சி முகாம்களில் தந்த கையேடுகளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன், ஆனால் சந்தேகம் வரும்போது திரும்பிப் போவது இங்கேதான்.

சிந்திவிடுவதற்கும் கைப்பழக்கம் வேண்டும். சில பிள்ளைகள் சுண்டலில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைப் பாவாடை மடிப்பிலோ கால்சட்டைப் பையிலோ ஒளித்துக்கொள்வார்கள். வீட்டில் தம்பி இருப்பான். "தம்பிக்கும் கொண்டுபோ" என்று நான் வாய்விட்டுச் சொன்னால் பக்கத்துப் பிள்ளை திரும்பிப் பார்க்கும். அதனால் நான்கைந்து வாளிகளில் கொண்டுவருகிறேன். ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு கை சுண்டல் மிச்சம் இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். பிறகு, "ஏட்டி, இந்த வாளியைக் கழுவி அடுத்த வாரம் கொண்டாந்திரு" என்று ஒருத்தியிடம் கொடுப்பேன். அவள் எனக்கு உதவி செய்கிற பெருமையோடு வாளியைத் தூக்கிக்கொண்டு போவாள். யாருக்கு எந்த வாரம் வாளி என்பது என் நோட்டில் இருக்கிறது.

துணி விஷயத்தில் இப்போது மேடை கிடையாது, போட்டோவும் கிடையாது. நவம்பரில் பணத்தை அம்மாக்களின் கையில் கொடுத்துவிடுகிறோம். அவர்களே கடைக்குப் போய் விலைபேசி எடுக்கிறார்கள். கிறிஸ்மஸ் அன்று ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு நிறத்தில் வந்து, "எங்கம்மை எடுத்துத் தந்தா" என்று சொல்லும். உதவி செய்கிறவர்களில் சிலர் போட்டோ இல்லாமல் கொடுக்கச் சம்மதிப்பதில்லை. அவர்களிடம் மரியாதையாகவே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அதனால் ஒரு வருடம் பாதிப் பிள்ளைகளுக்குத்தான் எடுக்க முடிந்தது. அந்த வருடத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு வலிக்கிறது. ஆனாலும் அந்த முடிவை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

என் நோட்டைப் பற்றிச் சொன்னேன். அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். செருப்பு அளவு, எந்தக் காதில் சீழ் வருகிறது, யாருக்கு எழுத்து தலைகீழாகத் தெரிகிறது, யார் அப்பா குடித்துவிட்டு வந்தால் யார் வீட்டுக்கு ஓடுவாள். கூடவே ஒரு தேதி: அந்தப் பிள்ளை முதன்முதலில் கொட்டகைக்கு வந்த நாள். இது டோனாவூரில் கற்றது.

டோனாவூரில் பிள்ளைகளுக்கென்று இல்லம் நடத்திய ஏமி கார்மைக்கேல் 1895-இல் இந்தியாவுக்கு வந்தார். 1951-இல் கண்மூடும்வரை ஊர் திரும்பவில்லை. கோயிலுக்குப் பொட்டுக்கட்ட இருந்த சிறுமி ஒருத்தி தப்பி வந்து 1901-இல் அவரிடம் சேர்ந்ததிலிருந்து பிள்ளைகளைக் காக்கிற அந்த வேலை தொடங்கியது. பிறகு அங்கே வந்துசேர்ந்த பிள்ளைகளில் பலருக்குப் பிறந்த தேதி தெரியாது. அதனால் ஒவ்வொரு பிள்ளையும் அங்கே வந்த நாளையே கொண்டாடினார்கள். பூ, வாழ்த்து, சின்னப் பரிசு, அவ்வளவுதான். அவர் செய்த பெரிய காரியங்களைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. என்னைப் பிடித்துக்கொண்டது இந்தச் சின்ன ஏற்பாடு. நீ வந்தாய், அதனால் எங்களுக்கு இது நல்ல நாள் என்று ஒரு பிள்ளையிடம் சொல்வதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அவருடைய கல்லறையில் பெயர் பொறித்த கல் இல்லை. குருவிகள் தண்ணீர் குடிக்கிற தொட்டி ஒன்று இருக்கிறது, அதில் அம்மா என்ற சொல்.

எங்கள் வகுப்பிலும் வந்த நாள் உண்டு. அன்று அந்தப் பிள்ளைதான் பாட்டைத் தெரிந்தெடுக்கும், மணியை அடிக்கும். தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிப் பூ வைத்துவிடுவேன், பையனென்றால் வகிடு எடுத்துவிடுவேன். அளத்துக் காற்றில் பரட்டையாகிப்போன தலைமுடியில் சிக்கெடுக்க அரைமணி நேரம்கூட ஆகும். அந்த அரைமணி நேரத்தில் பிள்ளைகள் சொல்லுகிற விஷயங்களை, எதிரே உட்கார வைத்துக் கேட்டால் ஒருநாளும் சொல்ல மாட்டார்கள். முகம் பார்க்காமல், முதுகுப்பக்கம் இருந்து கேட்க வேண்டும்.

காணிக்கைதான் எனக்கு நெடுநாள் முள்ளாக இருந்தது. பை சுற்றி வரும்போது காசில்லாத பிள்ளை மூடிய கையை உள்ளே விட்டு எடுக்கும். எனக்குத் தெரியும், அதற்கும் தெரியும். பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்துக் கோயிலுக்குத் தருகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் இருக்கிறதே என்று ஒருநாள் தோன்றியது. பையை எடுத்துவிட்டு ஒரு சுளகை வைத்தேன். எதை வேண்டுமானாலும் கொண்டுவரலாம். வேப்பம்பூ வந்தது, பூநாரையின் இறகு வந்தது, ஒருத்தி வீட்டுக் கோழியின் முட்டையைக் கொண்டுவந்தாள். ஒரு பையன் கட்டைவிரல் பருமனுக்கு உப்புக் கட்டி ஒன்றைச் சட்டையில் துடைத்துத் துடைத்து வைத்தான். பூமிக்கு உப்பாயிருப்பது பற்றி முந்தின வாரம்தான் பேசியிருந்தேன். அப்போது அவன், "காயத்துல பட்டா எரியுமே டீச்சர்" என்று சொல்லியிருந்தான். அவன் அம்மாவின் காலில் இருக்கும் வெடிப்புகளை நான் பார்த்திருக்கிறேன். அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் அன்று பேசாமல் இருந்துவிட்டேன். கட்டியை வைத்துவிட்டு, "இது நல்லா வெளைஞ்ச உப்பு, எங்கம்மை வாருன பாத்தி" என்றான். அது இப்போதும் என் மேஜையில் ஒரு கிண்ணத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் கசிந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுக்கிறது.

இன்று சனிக்கிழமை. நோட்டைப் பார்த்தேன். நாளை ஒரு வந்த நாள் இருக்கிறது, ஐந்தாவது வருடம். போன வாரம் ஒருவன் சட்டையை ஊக்கால் குத்தியிருந்தான், பொத்தான் டப்பாவைப் பையில் போட வேண்டும். பெரிய வாளி, அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிற பிள்ளைக்கு. கொண்டைக்கடலையை இப்போதே ஊறப் போட்டால்தான் நாளைக்குப் பதமாக வேகும். போன தடவையைவிட ஒரு ஆழாக்கு கூட.